பிஷப்பைத் தாண்டிப் போகாதீர்கள்

கேள்வி: ஆசைப்பட்டு 'லே மிசரபிள்' நாவலின் முழு ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்கினேன். கதாநாயகனையே காணோம். யாரோ ஒரு பிஷப்பின் வரவு செலவு, வீடு, சாப்பாடு என்று பக்கம் பக்கமாகப் போகிறது. பின்பாதி பிரமாதம் என்கிறார்கள். பொறுத்துப் படிப்பதா, தாண்டுவதா, மூடி வைத்துவிடுவதா?
– வாசகி, திருச்சி

பதில்: மூடி வைக்க வேண்டாம். தாராளமாகத் தாண்டலாம், ஆனால் இந்த இடத்தில் அல்ல.

உங்கள் சலிப்பு நியாயம்தான். விக்டர் ஹியூகோ முதல் 14 அத்தியாயங்களை அந்த பிஷப்புக்கே எழுதி வைத்துவிட்டார். கதாநாயகன் ஜீன் வல்ஜீன் ஊருக்குள் கால் வைப்பதே அதற்குப் பிறகுதான். சுத்தானந்த பாரதியின் தமிழாக்கமான 'ஏழை படும் பாடு' வழியாகவோ, 1950-ல் அதே பெயரில் வந்த படத்தின் வழியாகவோ (இன்ஸ்பெக்டராக நடித்த சீதாராமனோடு 'ஜாவர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இதில்தான்) கதை தெரிந்தவர்களுக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

சரி, பிஷப்பின் அந்த வரவு செலவுக் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். சம்பளம் 15,000 பிராங்க், தனக்கென்று வைத்துக்கொள்வது 1,000. மாளிகையில் இருப்பது மூன்றே பேர், பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் 26 நோயாளிகள் என்று தெரிந்ததும் வீட்டையே மாற்றிக்கொள்கிறார். இவ்வளவையும் விட்டவரால் ஒன்றை மட்டும் விட முடியவில்லை: வெள்ளிக் கரண்டிகளால் சாப்பிடும் பழக்கம். அதை அவரே வாய்விட்டு ஒப்புக்கொள்கிறார். வல்ஜீன் திருடிக்கொண்டு ஓடுவது அந்த வெள்ளியைத்தான். போலீஸ் பிடித்து வந்ததும், நான் கொடுத்ததுதான் என்று சொல்லி, மெழுகுவர்த்தித் தண்டுகளையும் சேர்த்துக் கொடுக்கிறார் பிஷப். சுருக்கப் பதிப்பில் இதைப் படித்தால் ஒரு நல்ல மனிதர் தெரிவார். அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை அது என்பது முழுசாகப் படித்த உங்களுக்குத்தான் தெரியும். அதன்பிறகு வல்ஜீன் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அந்தக் காலைப்பொழுதிலிருந்து வருவது.

தாண்ட வேண்டிய இடங்கள் பின்னால் இருக்கின்றன. இரண்டாம் பாகம் தொடங்கியதும் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர் வரும், 19 அத்தியாயம். குதிரைப்படை, பள்ளம், பீரங்கி. பிடித்தால் படியுங்கள்; இல்லையென்றால் நேராகக் கடைசி அத்தியாயத்துக்குப் போய்விடுங்கள். இரவில் பிணங்களின் சட்டைப்பையைத் துழாவும் ஒருவன் வருவான். அவனை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள், கதைக்கு அவன் வேண்டும். கன்னிமாடத்தின் வரலாறு, திருடர்களின் பேச்சு பற்றிய ஆராய்ச்சி எல்லாம் உங்கள் இஷ்டம்.

நான்காம் பாகத்தில் பாரீஸ் கலவரம் மூண்டு, தெருவில் தடுப்பரண் எழும்பிய பிறகு புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வராது. ஒரே ஒரு எச்சரிக்கை. ஐந்தாம் பாகத்தில், காயம்பட்ட ஒருவனை (யாரென்று சொல்ல மாட்டேன்) தூக்கிக்கொண்டு வல்ஜீன் பாதாளச் சாக்கடைக்குள் இறங்குவார். அடுத்து என்ன என்று துடித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினால், ஹியூகோ பாரீஸ் சாக்கடையின் சரித்திரத்தை ஆரம்பித்திருப்பார்! அந்தப் பகுதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். அடுத்த பகுதியைத் திறங்கள், வல்ஜீன் இருட்டில் அங்கேதான் இருப்பார்.