கடல் நடுவே பாறையில் லைட் ஹவுஸ் கட்டியது எப்படி? நம் முட்டம் லைட் ஹவுஸும் அப்படிக் கட்டியதுதானா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. முட்டம் லைட் ஹவுஸ் கரையில், மேட்டின் மேல் நிற்கிறது. கல்லும் சுண்ணாம்பும் கொண்டுபோக வழி இருந்தது, கொத்தனார் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார். கடல் நடுவே கட்டுவது வேறு வேலை. குளச்சல் பக்கம் சின்ன கான்ட்ராக்ட் எடுத்து நடத்துபவன் நான். கடலரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் கல் அடுக்கும் தூண்டில் வளைவு வேலையும் பார்த்திருக்கிறேன். ஒரு ஆடி மாதம், பகலெல்லாம் அடுக்கிய கல்லில் பாதி மறுநாள் காலையில் இடம் மாறிக் கிடந்தது. இத்தனைக்கும் அது கரையைத் தொட்டுக்கொண்டிருந்த வேலை.

முதல் கேள்விக்குச் சரியான உதாரணம் இங்கிலாந்தின் எடிஸ்டோன். பிளிமத் துறைமுகத்துக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, கடலில் ஒரு பாறைக் கூட்டம். நம் ஊரில் கடல் நீரின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட இருக்காது. அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்தின்போது தண்ணீர் பதினைந்து அடி ஏறும். அதனால் பாறையின் பெரும்பகுதி மூழ்கிவிடும், வற்றும்போதுதான் தலை காட்டும். எத்தனையோ கப்பல்கள் அதில் மோதிப் போயிருக்கின்றன. (பிரான்சில் கோர்துவான் லைட் ஹவுஸ் 1611லேயே முடிந்துவிட்டது, ஆனால் அது ஆற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. திறந்த கடலில் தனிப் பாறை என்றால் எடிஸ்டோன்தான் முதல் என்பார்கள்.)

அங்கே ஒன்றன்பின் ஒன்றாக நான்கு கோபுரங்கள் எழுந்தன.

முதலாவதைக் கட்டியவர் ஹென்றி வின்ஸ்டான்லி. கப்பல்களில் பணம் போட்டவர். அவருடைய கப்பல்களில் இரண்டு இந்தப் பாறையில் மோதி உடைந்ததும் தானே இறங்கிவிட்டார். வேலை நடக்கும்போது பிரெஞ்சுக் கொள்ளைக் கப்பல் ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டு போனது. இங்கிலாந்தோடுதான் சண்டை, மனித குலத்தோடு அல்ல என்று பதினான்காம் லூயி மன்னர் விடுவித்ததாகக் கதை. 1698 நவம்பரில் விளக்கு எரிந்தது. இருப்பதிலேயே பெரிய புயல் அடிக்கும்போது தான் அந்தக் கோபுரத்துக்குள் இருக்க வேண்டும் என்று அவர் சொல்வாராம். 1703 நவம்பர் கடைசியில் அப்படியே ஒரு புயல் வந்தது. பழுது பார்க்கப் போயிருந்த அவரும் உள்ளேதான் இருந்தார். விடிந்தபோது கோபுரமும் இல்லை, ஆட்களும் இல்லை. நவம்பர் கடைசி என்றாலே எங்கள் கடற்கரை ஊர்களில் ஓகி புயல் நினைவு வந்துவிடும், அதனால் இந்தப் பகுதியை என்னால் வேகமாகத் தாண்ட முடிவதில்லை.

இரண்டாவது, ரட்யர்ட் என்ற பட்டு வியாபாரி 1709ல் முடித்த மரக் கோபுரம். கப்பல் தச்சர்களை வைத்து, அடியில் கல் பாரம் ஏற்றிக் கட்டினார். 46 வருடம் தாங்கியது. 1755 டிசம்பரில் விளக்கறையில் தீப்பிடித்தது. காவலர் ஹென்றி ஹால், வயது 94 என்கிறார்கள், அண்ணாந்து தண்ணீர் வீசும்போது உருகிய ஈயம் வாய்க்குள் விழுந்துவிட்டது. அவர் அதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து இறந்த பிறகு வயிற்றிலிருந்து சுமார் 200 கிராம் ஈயக்கட்டியை மருத்துவர் எடுத்தார். அது இன்றும் ஸ்காட்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்புறம் வந்தவர் ஜான் ஸ்மீட்டன். முப்பத்திரண்டு வயது, கருவிகள் செய்துகொண்டிருந்தவர். இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, ஓக் மரத்தின் அடி போல அகலமாகத் தொடங்கி வளைந்து குறுகும் வடிவம். இன்னொன்று, தச்சன் மரத்தில் போடும் புறாவால் பொருத்து போல ஒவ்வொரு கல்லையும் பக்கத்துக் கல்லோடும் பாறையோடும் கோத்த விதம். கல்லை எல்லாம் கரையிலேயே கொத்தி, அடுக்கிப் பார்த்து, பிறகுதான் படகில் ஏற்றினார். நம் அய்யன் வள்ளுவர் சிலைக்கும் கல்லைக் கரையில் செதுக்கித்தான் பாறைக்குக் கொண்டுபோனார்கள். கோடைக்காலத்தில் மட்டும், அதுவும் தண்ணீர் வற்றும் சில மணி நேரம் வேலை.

ஆனால் என் அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் கேட்டது வேறு. ஐம்பது வருடம் கொத்து வேலை பார்த்தவர். "அது சரி மக்கா, சாந்துக்கு என்ன போட்டான்?"

அதுதான் சரியான கேள்வி. சாதாரணச் சுண்ணாம்புச் சாந்து இறுக காற்று வேண்டும். நம் சிப்பிச் சுண்ணாம்பும் அப்படித்தான், தண்ணீருக்குள் போட்டால் கரைந்துதான் போகும். ஸ்மீட்டன் பல ஊர்ச் சுண்ணாம்பை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். சுண்ணாம்புக் கல்லை அமிலத்தில் கரைத்து, எது மிச்சமாகிறது என்றும் பார்த்தார். களிமண் கலந்த கல்லிலிருந்து வரும் சுண்ணாம்புதான் தண்ணீருக்குள்ளும் இறுகும் என்று கண்டுகொண்டார். வேல்ஸ் கடற்கரையின் அபர்த்தா சுண்ணாம்பையும் இத்தாலியிலிருந்து வந்த எரிமலைத் தூளையும் சரிபாதி சேர்த்தார். சுட்ட செங்கல் பொடியைச் சுண்ணாம்பில் கலக்கும் நம் சுர்க்கியும் இதே வேலையைத்தான் செய்கிறது, முல்லைப் பெரியாறு அணை அதில் கட்டியதுதான். ஸ்மீட்டனின் இந்தப் பரிசோதனை வழியாகத்தான் பின்னால் போர்ட்லண்ட் சிமெண்ட் வரைக்கும் வந்து சேர்ந்தார்கள். வடிவத்தைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. பொருத்து எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் இடுக்கில் தண்ணீர் புகுந்தால் அலை உள்ளேயிருந்து நெம்பும்.

1759 அக்டோபர் 16 அன்று விளக்கு ஏற்றினார்கள். அவ்வளவு பாடுபட்டு ஏற்றிய வெளிச்சம் என்ன தெரியுமா, 24 மெழுகுவர்த்தி!

நூறு வருடத்துக்கு மேல் கோபுரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பழுதானது பாறைதான். அடியில் கடல் அரித்துக்கொண்டே போய், பெரிய அலை அடித்தால் கோபுரம் ஆட ஆரம்பித்தது. பக்கத்துப் பாறையில் ஜேம்ஸ் டக்ளஸ் 49 மீட்டர் உயரத்தில் நான்காவதை 1882ல் முடித்தார். இன்றைக்கும் வெளிச்சம் காட்டுவது அதுதான். 1982க்குப் பிறகு உள்ளே ஆள் கிடையாது, எல்லாம் தானியங்கி.

ஸ்மீட்டன் கோபுரத்தின் மேல்பகுதியைக் கல் கல்லாகக் கழற்றிக் கொண்டுவந்து பிளிமத் கரையில் திரும்ப அடுக்கினார்கள். அடிப்பகுதியைப் பாறையிலேயே விட்டுவிட்டார்கள். புது லைட் ஹவுஸின் படம் தேடிப் பாருங்கள், பக்கத்தில் ஒரு கல் மொட்டை நிற்கும். அப்பா அதைப் போனில் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.