வெள்ளை சேஜ் கட்டு அணைந்து அணைந்து போகிறதா?

புகை போடக் கொளுத்தும் இந்தக் காய்ந்த இலைக் கட்டு அரை நிமிடத்தில் அணைந்துவிடுகிறது என்பதற்காக அதைப் போலி என்று நினைக்க வேண்டாம். சாம்பிராணி பிசின், தணலில் விழுந்தால் தீரும்வரை புகையும். இது வெறும் இலைதான், இடையிடையே அணைவது சகஜம்.

உங்கள் கட்டில் நடுப்பகுதி சரியாகக் காயாமல் இருக்கலாம். நூலை அவிழ்த்து உள்ளே இருக்கும் ஓர் இலையை ஒடித்துப் பாருங்கள். மொறுக்கென்று ஒடியாமல் வளைந்தால் ஈரம் இருக்கிறது. நிழலில் பரப்பி வைத்தால் போதும், வெயில் வேண்டாம்.

அசலா என்று பார்க்க: இலை இருபுறமும் சாம்பல் வெள்ளையாக இருக்கும், கசக்கினால் கற்பூரமும் தைலமும் கலந்த மாதிரி மூக்கில் ஏறும்.

அப்புறம், முழுக் கட்டையும் கொளுத்த அவசியமே இல்லை. மண் தட்டில் ஓரிரு இலையை வைத்துப் பற்றவைத்து, சுடரை ஊதி அணைத்துவிட்டுப் புகைய விடுங்கள். இந்தச் செடியின் சொந்த மண்ணான தெற்குக் கலிஃபோர்னியாவில் கவீயா, சூமாஷ் என்ற பூர்வகுடி மக்களுக்கு இது புகைக்கு மட்டுமான செடி அல்ல. கவீயா மக்கள் விதையை மாவாக்கிக் கஞ்சி காய்ச்சினார்கள், சளிக்கு இலையைப் பயன்படுத்தினார்கள். கடையில் விற்கும் தடிமனான கட்டு பெரும்பாலும் சந்தைக்காகச் செய்வது.

ஒன்று கவனியுங்கள்: வீட்டில் ஆஸ்துமாக்காரரோ கூண்டுப் பறவையோ இருந்தால் புகையே வேண்டாம். மற்றவர்கள் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுத்த முறை வாங்கும்போது தோட்டத்தில் வளர்த்ததா என்று கேளுங்கள். காட்டுச் செடியைத் திருட்டுத்தனமாக மூட்டை மூட்டையாக வெட்டி விற்பது தெற்குக் கலிஃபோர்னியாவில் பெரிய தலைவலி, அங்குள்ள வடக்கு எட்டிவாண்டா இயற்கைக் காப்பகத்திலும்கூட.