துறவியே அல்லாத ஒருவர் எப்படி மடாதிபதி ஆனார்?

ஐரோப்பிய வரலாற்றில் துறவு பூணாத பிரபுக்களும் சிறுவர்களும் கூட மடாதிபதிகளாக இருந்தார்களே, அதைத் திருச்சபைச் சட்டம் எப்படி அனுமதித்தது என்று கேட்டிருக்கிறீர்கள். திருச்சபை வரலாற்றைப் பல ஆண்டுகளாக ஆர்வத்தோடு வாசித்து வருபவன் என்ற முறையில், என் மனத்தை மிகவும் வருத்திய பகுதி இது.

மடத்தையும் அதன் வருமானத்தையும் வெளியார் ஒருவரிடம் ஒப்படைக்கும் இந்த முறைக்குக் காமெண்டம் என்று பெயர். ஒப்படைத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் அது. லொம்பார்டியர் என்னும் ஜெர்மானிய இனத்தார் இத்தாலிமீது படையெடுத்ததால் ஆயர்கள் இடம்பெயர்ந்த காலத்தில், திருத்தந்தை முதலாம் கிரகோரி காலியான மறைமாவட்டங்களை, அதாவது ஆயரின் ஆட்சிப் பகுதிகளை, பக்கத்து ஆயர்களின் பொறுப்பில் விட்டார்; உரியவர் வரும்வரை காப்பதே அவர்களுடைய கடமை. 1274ஆம் ஆண்டின் இரண்டாம் லியோன் பொதுச்சங்கம், பங்குக் கோயில் ஒன்றை இவ்வாறு ஒப்படைத்தால் அது ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது என்று விதித்தது. மடங்களின் விஷயத்திலோ அத்தகைய கெடு நிலைக்கவில்லை; ஒப்படைப்பு ஆயுள்காலத்துக்கு நீண்டது, வருமானத்தை வாங்கிக்கொள்பவர் மடத்தின் வாசலைக்கூட மிதிக்க வேண்டியதில்லை என்றானது. ஒழுக்கத்தையும் வழிபாட்டையும் உள்ளிருந்த துணைத்தலைவர் ஒருவர் கவனித்துக்கொண்டார்.

மெடிச்சி குடும்பத்து ஜொவான்னி, 1486இல், சிறுவனாக இருக்கும்போதே, புனித பெனடிக்ட் நிறுவிய மொந்தே கசினோ மடத்தை இப்படிப் பெற்றார். அவரே பின்னர் பத்தாம் லியோ என்னும் பெயரில் திருத்தந்தையாகி, 1516இல் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவாவோடு செய்த உடன்படிக்கையால், அந்நாட்டு மடங்களுக்குத் தலைவரை முன்மொழியும் உரிமையை அரசரிடம் கொடுத்தார். அதன்பின் அங்கே மடங்கள் அரசவைக்கு வேண்டியவர்களுக்கான மானியம் போலாகி, கூரை ஒழுகும் மடங்களில் ஒருசில துறவிகள் மட்டும் எஞ்சும் நிலை வந்தது.

இத்தாலியில் கண்ட தீர்வுதான் எனக்குச் சரியானதாகப் படுகிறது. பதுவா நகரின் புனித ஜுஸ்தினா மடத்தைச் சீர்திருத்திய லுதோவிக்கோ பார்போ, ஆயுள்கால மடாதிபதி என்ற பதவியையே ஒழித்து, குறுகிய காலத்துக்குத் தலைவர்களை நியமிக்கும் அதிகாரத்தை, இச்சீர்திருத்தத்தை ஏற்ற மடங்களின் கூட்டமைப்பு கூட்டும் பொதுப்பேரவையிடம் ஒப்படைத்தார். ஆயுள் முழுதும் அனுபவிக்கும் பதவி என்று ஒன்று இல்லாதபோது வெளியாருக்குக் கொடுக்க என்ன இருக்கிறது? மொந்தே கசினோவும் 1504இல் அந்தக் கூட்டமைப்பில் சேர்ந்தது.

பிரான்சில் அவ்வளவு நடக்கவில்லை என்றாலும், ரான்சே என்பவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிறு வயதிலேயே லா திராப் மடத்தின் வருமானத்தைப் பெற்றுப் பாரிசில் சுகமாக வாழ்ந்த அவர், பின்னர் தம் கையிலிருந்த மற்ற மானியங்களைத் துறந்து, துறவுப் பயிற்சி பெற்று, 1664இல் அதே மடத்துக்கு உண்மையான மடாதிபதியாகத் திரும்பினார். 1695இல் உடல் தளர்ந்து அவர் விலகியபோது, அம்மடத்துத் துறவி ஒருவரே அடுத்த தலைவராக வருவதற்குக்கூட மன்னர் பதினான்காம் லூயியின் இசைவு தேவைப்பட்டது, அது கிடைத்தது.