துருக்கியின் கலிப்போலிப் போர்முனையில் இறந்த மிக இளைய ஆஸ்திரேலியப் படைவீரர் யார்?

ஜேம்ஸ் மார்ட்டின். வீட்டில் ஜிம். முதல் உலகப் போரில் இறந்த ஆஸ்திரேலியர்களிலேயே மிக இளையவர் என்று கருதப்படுபவர். இறக்கும்போது வயது 14 ஆண்டு 9 மாதம். என் மகனுக்கும் இப்போது 14 வயது. அதனாலோ என்னவோ, 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை. 'அவன்' என்றே எழுதுகிறேன்.

1901 ஜனவரி 3-ல் நியூ சவுத் வேல்ஸின் டோக்கம்வால் என்ற சிற்றூரில் பிறந்தான். பிறகு குடும்பம் மெல்போர்ன் பக்கம் வந்துவிட்டது. அக்கா தங்கைகளுக்கு நடுவே ஒரே பையன். படையில் சேரப் போன அப்பாவைத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் நான் போகிறேன் என்று இவன் கிளம்பினான். அம்மா அமீலியாவுக்குத் துளியும் சம்மதமில்லை. 'விடாவிட்டால் வேறு பெயரில் சேர்ந்துவிடுவேன், அப்புறம் கடிதமே போடமாட்டேன்' என்று மிரட்டியிருக்கிறான். எங்கே இருக்கிறான் என்றாவது தெரியட்டும் என்றுதான் பெற்றவர்கள் இறங்கிவந்திருக்க வேண்டும். 1915 ஏப்ரல் 12-ல் வயது 18 என்று சொல்லிச் சேர்ந்துவிட்டான். 21-ஆம் பட்டாலியன், காலாட்படை.

எகிப்திலிருந்து கலிப்போலிக்குப் போன 'சவுத்லேண்ட்' கப்பலை லெம்னோஸ் தீவுக்கு அருகே ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. ஜிம் நான்கு மணி நேரம் கடலில் கிடந்து மீண்டான். செப்டம்பர் 8-ல் கலிப்போலியில் கரையிறங்கினான். பதுங்குகுழியில் ஈ, அழுக்கு, போதாத தண்ணீர். அங்கே குண்டைப் போலவே நோயும் ஆளைத் தின்றது. ஜிம்முக்கு டைபாய்டு. இரண்டு வாரம் யாரிடமும் சொல்லாமல் குழியிலேயே கிடந்திருக்கிறான். சொன்னால் அனுப்பிவிடுவார்கள் என்ற பயமாக இருக்கலாம். அந்த வயதுப் பிள்ளைகளின் வீம்பை நான் தினமும் வீட்டில் பார்க்கிறேன்.

அக்டோபர் 25 மாலை 'க்ளெனார்ட் காசில்' மருத்துவக் கப்பலில் ஏற்றினார்கள். படுக்க வைத்து வசதி செய்து கொடுத்த செவிலியருக்கு நன்றி சொல்லிவிட்டுத் தூங்கப் போனவன், இரண்டு மணி நேரத்துக்குள் இதயம் நின்று இறந்துபோனான். இதை அமீலியாவுக்கு எழுதித் தெரிவித்தவர் கப்பலின் தலைமைச் செவிலியர். உடலைக் கடலில் அடக்கம் செய்தார்கள். கல்லறை கிடையாது; கலிப்போலியில் உள்ள லோன் பைன் நினைவுச் சுவரில் பெயர் மட்டும் இருக்கிறது.

என்னை விடாமல் துரத்துவது, அந்த அக்டோபரில் அவன் வீட்டுக்குப் போட்ட கடைசிக் கடிதம். துருக்கியர்கள் சுமார் 70 கஜத் தொலைவில்தான் இருக்கிறார்கள், ஆனால் நான் நன்றாக இருக்கிறேன், கவலைப்பட வேண்டாம் என்கிறான். கடிதமே போடமாட்டேன் என்று மிரட்டிய அந்தப் பையன், நான் அடிக்கடி எழுதுகிறேன், புறப்பட்டதிலிருந்து உங்களிடமிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை, சீக்கிரம் எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறான்.