துறவறம் போகாத கத்தோலிக்க மாணவர்களுக்குத் தொழிலும் இறையழைத்தல்தான் என்று எப்படிப் புரியவைப்பது?

பொதுநிலையினர், அதாவது குருவோ துறவியோ ஆகாத விசுவாசிகள், உலக வேலைகளின் நடுவிலேயே அழைக்கப்படுகிறார்கள் என்று 1964-லேயே கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. சரி, எந்த வேலை என்று தெரிய வேண்டுமே? அங்கேதான் இயேசு சபையை நிறுவிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியார் கைகொடுக்கிறார். 1521-இல் பாம்ப்லோனா போரில் கால் உடைந்து வீட்டில் கிடந்தபோது, வீரசாகசக் கனவும் புனிதர்களைப் போல வாழும் கனவும் அவருக்கு மாறி மாறி வந்தன. இரண்டுமே இனித்தன. முதல் கனவு கலைந்ததும் மனம் வறண்டது. இரண்டாவது கலைந்த பின்னும் மகிழ்ச்சி தங்கியது.

ஆகவே ‘என்ன ஆகப்போகிறாய்?’ என்பதை விட்டுவிட்டு, ‘எதைச் செய்து முடித்த பிறகும் நிறைவு தங்குகிறது?’ என்று கேளுங்கள். இரவில் ஜெபத்துக்குப் பின் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள், ஒரு மாதம் போதும். அப்புறம் அந்த நோட்டோடு ஆன்ம வழிகாட்டியிடம் அனுப்புங்கள். சம்பளக் கவலையை மட்டும் விசுவாசக் குறைவு என்று சொல்லிவிடாதீர்கள், பாவம்.