எக்செல்லில் எண்களைக் கூட்டும் சம் (SUM) சூத்திரம் 0 காட்டுவது குறித்து

வணக்கம். வேறொரு கோப்பிலிருந்து எக்செல்லில் ஒட்டிய எண்களைக் கூட்டினால் 0 மட்டுமே வருகிறது, எண்களெல்லாம் இடப்புறம் ஒதுங்கி நிற்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் கவனித்த அந்த இடப்புறம்தான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது: எண்கள் இயல்பாக வலப்புறம் நிற்கும்; உங்களுடையவை உரையாகப் பதிவாகியிருப்பதால் சம் அவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. சூத்திரத்தில் பிழை இல்லை, கவலைப்படாதீர்கள்.

செல்லின் இடது மேல் மூலையில் சிறு பச்சை முக்கோணம் தெரிந்தால், அந்த எண்கள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து, அருகில் தோன்றும் மஞ்சள் எச்சரிக்கைக் குறியைச் சொடுக்கி, ‘கன்வர்ட் டு நம்பர்’ என்பதை அழுத்துங்கள். செல்லின் வடிவமைப்பை மட்டும் ‘நம்பர்’ என்று மாற்றினால் போதாது. புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். முக்கோணம் தெரியாவிட்டால், ‘டேட்டா’ தாவலில் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ திறந்து நேராக ‘ஃபினிஷ்’ கொடுத்துப் பாருங்கள்.