ஒல்லியானவருக்கும் ஃபேட்டி லிவர்: ஸ்கேனில் தெரியாததைக் காட்டும் ஒரு கணக்கு

கேள்வி: வயது 46. அம்பத்தூரில் கணக்காளர் வேலை. மது தொட்டதில்லை, சைவம். உயரம் 168 செ.மீ., எடை 64 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 94 செ.மீ. மாஸ்டர் ஹெல்த் செக்கப் ஸ்கேனில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ (கல்லீரலில் கொழுப்பு) என்று வந்திருக்கிறது. கல்லீரல் என்சைம்களான எஸ்ஜிஓடி 41, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 2.3 லட்சம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1. எண்ணெயை அடியோடு நிறுத்திவிட்டேன். உறவினர் ஒருவர் கீழாநெல்லிச் சாறு குடிக்கச் சொல்கிறார். குடிக்கலாமா? பயாப்ஸி (கல்லீரல் திசுவை எடுத்துச் சோதிப்பது) தேவைப்படுமா?

பதில்: பயாப்ஸி இப்போது வேண்டாம். அதற்காக ‘கிரேடு 1தானே’ என்று விட்டுவிடவும் வேண்டாம். கிரேடு கொழுப்பின் அளவை மட்டுமே காட்டும். கல்லீரலின் எதிர்காலம் அதிலுள்ள தழும்பைப் பொறுத்தது. ஆரம்பக்கட்டத் தழும்பு சாதாரண அல்ட்ராசவுண்டில் தெரியாது. கிரேடு 1இலும் அது இருக்கலாம், கிரேடு 3இலும் இல்லாமல் இருக்கலாம்.

அதைக் கணிக்க வேண்டிய எண்கள் உங்கள் ரிப்போர்ட்டிலேயே இருக்கின்றன. வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள்: 1886. பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில் எடுத்து (230), எஸ்ஜிபிடியின் வர்க்கமூலமான 8ஆல் பெருக்குங்கள்: 1840. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 1.03. இதன் பெயர் ஃபிப்-4. 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. அதைத் தாண்டினால் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டும், 2.67ஐத் தாண்டினால் தாமதிக்காமல் கல்லீரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு சரியாகப் பொருந்தாது. 65ஐக் கடந்தவர்களுக்கு முதல் எல்லை 2. தனிச் செலவே இல்லாத இந்த எண்ணை எல்லா லேப்களும் ரிப்போர்ட்டில் அச்சிட்டுத் தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

என் கவலை உங்கள் ஹெச்பிஏ1சி மீதுதான். 6.1 என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. எடை சரியாக இருந்தும் வயிறு 94 செ.மீ.; இந்திய ஆண்களுக்கு எல்லை 90. மருத்துவ ஆய்வாளர்களான புனேயின் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! எடை சரியாக இருந்தாலும் உள்ளே கொழுப்பு அதிகம் இருக்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதிக்கப்பட்டவர்களில் 32 சதவீதம் பேருக்கு ஃபேட்டி லிவர் இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் பாதிக்கு மேல்.

எண்ணெயை அடியோடு நிறுத்தியதால் பெரிய பலன் வராது. 2005இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, நோயாளிகளின் கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று தடம் பிடித்தது. சாப்பாட்டுக் கொழுப்பின் பங்கு சுமார் 15 சதவீதம்தான். 26 சதவீதத்தைக் கல்லீரலே புதிதாகத் தயாரித்திருந்தது. அதற்கு மூலப்பொருள் பெரும்பாலும் சர்க்கரையும் மாவுச்சத்தும். மீதி, ரத்தத்தில் வந்த கொழுப்பு அமிலங்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது உடலின் கொழுப்புத் திசு அவற்றைக் கட்டுப்பாடின்றி வெளியே விடுகிறது. ஆகவே குறைக்க வேண்டியது சோற்றின் அளவு, ஜூஸ், பிஸ்கட், காபியில் போடும் சர்க்கரை. காபியை விட வேண்டாம். அது கல்லீரலுக்கு நல்லதே. மாலை டிபனுக்குச் சுண்டல் சாப்பிடுங்கள். உங்களைப் போல ஒல்லியானவர்களுக்கு எடையில் 3 முதல் 5 சதவீதம் குறைந்தாலே போதும்; அதாவது 2 முதல் 3 கிலோ. பட்டினி கிடந்து எடையைக் குறைக்காதீர்கள், தசைதான் கரையும். வேகநடையோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை தரும் பயிற்சியும் செய்யுங்கள்.

கீழாநெல்லி விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு வரலாறே உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு 1988இல் ‘லான்செட்’டில் வெளியிட்ட ஆய்வில், நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கும் இணைந்திருந்தார். கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து ஹெபடைடிஸ் பி கிருமியின் அடையாளம் மறைந்தது. பிறகு மற்றவர்கள் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. மேலும் அது வைரஸ் நோய், உங்களுடையது வேறு. எனவே சாறு வேண்டாம். கடையில் விற்கும் ‘லிவர் டானிக்’குகளும் வேண்டாம்.

எஸ்ஜிபிடி கூடுதலாக இருப்பதால் ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளை ஒருமுறை செய்துவிடுங்கள். கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தமும் பாருங்கள். ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் உயிரைக் கல்லீரலைவிட இதயநோயே அதிகம் பறிக்கிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தேவைப்பட்டால் கல்லீரலை நினைத்துப் பயப்படாமல் எடுக்கலாம். 6 மாதத்தில் ஹெச்பிஏ1சியும் எஸ்ஜிபிடியும் மறுபடி பார்த்து, அடுத்த ஆண்டு ஃபிப்-4 கணக்கைப் போட்டுப் பாருங்கள்.